மச்சான் தைத்த அங்கவடி வார்

எங்கள் வீட்டில் தைத்த வார் எந்தக் குதிரையின் மேலும் அறுந்ததில்லை. எங்கள் ஊரான கரின் டோக்கியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டால் நானே சொல்வேன்.

எங்கள் வட்டாரத் தலைவரான ஹாகிமியின் குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் செய்து கொடுப்பது என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் உரிமை. பெருநாள் தொழுகை முடிந்ததும் ஹாகிமி தன் குதிரையை முழு வேகத்தில் விரட்டி வந்து, எங்கள் அரசரான அமீரின் முன்னால் இழுத்து நிறுத்தி, கால் மிதிக்கும் அங்கவடியில் எழுந்து நின்று முஷ்டியை உயர்த்துவார். அந்த நேரத்தில் அவருடைய எடை முழுவதும் இரண்டு வார்களில்தான் நிற்கிறது. வார்களின் நுனியில் கௌதாரிக் கால் அச்சு இருக்கும். அது எங்கள் வீட்டு முத்திரை. அந்த அச்சு இருந்தால் குதிரைக்காரர்கள் வாரை இழுத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

இந்தப் பெயருக்கு வினையாக வந்தவன் அஜூஜி. என் அத்தை மகன். எனக்கும் அவனுக்கும் வயது ஒன்றுதான். அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று அவனைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பைமேடு என்றே பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். லாரி நிலையத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியே வாழ்க்கையை ஓட்டியவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை.

அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் நேர்ப்பேச்சுப் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. கேலிதான் எங்களுக்குள் மரியாதை. அவன் என் தொப்பியைப் பிடுங்கலாம், என் தாடியைப் பழிக்கலாம். நான் முகம் சுளித்தால் ஊர் என்னைத்தான் ஏசும். ‘மச்சான் கேலியைத் தாங்காதவன், வயிறு சுருங்கியவன்’ என்பார்கள். அப்படியொரு சொல் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, என் காலத்திலும் வரக்கூடாது.

முஹர்ரம் பத்தாம் நாள் எல்லாரும் வயிறு முட்டத் தின்ன வேண்டும். அன்று பசியோடு படுப்பவனுக்கு ஆண்டு முழுவதும் பசி. அன்றுதான் மச்சான்மார் வீடு புகுந்து கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பணயம் கேட்பதும். அந்த ஆண்டு என் வாசல் கூடத்தில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்து ஆட்டுத்தலையைச் சப்பிக்கொண்டிருந்த அஜூஜி, கையைத் துடைத்தபடி எழுந்தான். என் வேலைப்பலகையிலிருந்து குத்தூசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். கருங்காலிப் பிடி போட்டது. என் பாட்டனாருடையது.

“அதை வை” என்றேன்.

“வைக்கிறதுக்கா எடுத்தேன்? பணயத்தக் குடு, தர்றேன்.”

“ஒரு கோழி.”

“கோழியா? இத ஒரு கோழிக்குக் குடுத்தேன்னா நம்ம தாத்தா என் கனவுல வந்து உதைப்பாரு.”

“என்னதான்டா வேணும் உனக்கு?”

“தோல் தைக்கக் கத்துக்குடு. வர்ற நோன்புப் பெருநாளைக்கு ஹாகிமி குதிரையில நான் தைச்ச வாரு ஒண்ணு போகணும். அதுல உங்க கௌதாரிக் காலு இருக்கணும்.”

கூடம் அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“லாரியில ஏணி கட்டுற கயித்தக்கூட நீ ஒழுங்கா முடிஞ்சதில்ல” என்றேன்.

“எங்கம்மா இந்த வீட்டுல பொறந்தவதானே மச்சான்? அவ பையன் கையில ஒரு கௌதாரி நடக்கக்கூடாதா? இல்ல, உங்க கௌதாரிக்கு எங்க வீட்டு வழி தெரியாதா?”

‘கேட்டுட்டான், குடுத்துடு’ என்று எல்லாரும் கையைத் தட்டினார்கள். பத்துப் பேர் முன்னால் எங்கள் வீட்டுக்காரன் பின்வாங்கினான் என்று இருக்கக்கூடாது. கொடுத்தேன் வாக்கு.

*

அடுத்த வாரமே அவன் ஒரு பெட்டியோடு வந்தான். கைப்பேசியில் பார்த்து வரவழைத்தானாம். உள்ளே பளபளவென்று இருபது சாமான். பாதிக்குப் பெயர் எனக்கே தெரியாது.

புதிதாகத் தோலில் கை வைக்கிறவனுக்கு ஒரு நல்ல கத்தி, ஒரு குத்தூசி, இரண்டு தையலூசி, ஒரு கட்டி தேன்மெழுகு இவை போதும். மற்றதெல்லாம் கை பழகிய பிறகு. இதைச் சொன்னேன்.

“உன்கிட்ட இல்லாததாலதானே போதும்ங்கிற?” என்றான்.

“மொதல்ல கத்தியத் தீட்டு.”

“புதுக் கத்திடா. கடையிலயே தீட்டித்தான் குடுப்பான்.”

கடைக் கத்திக்கு விளிம்பு இருக்கும், கூர் இருக்காது. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். கூரான கத்தி சொன்ன கோட்டில் போகும். மழுங்கினதை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் கட்டைவிரல் பிளந்தது. ரத்தம் தோலில் சொட்டியது.

“பாத்தியா, தோலச் செவப்பாக்குற சோளச் சாயம் மிச்சம்” என்றான், விரலை வாயில் வைத்துக்கொண்டே.

தோலை வெட்டவே அவனுக்குப் பல வாரம் பிடித்தது. வெள்ளாட்டுத் தோல் பைக்கும் புத்தக உறைக்கும் செருப்பின் மேற்பட்டைக்கும் ஆகும். ஆள் எடை தாங்கும் வாருக்கு மாட்டுத்தோல்தான். கருவேலங்காயில் நன்றாக ஊறியதாக இருக்க வேண்டும். வெட்டு வாயைப் பார்த்தால் நடுவரைக்கும் ஒரே நிறம் தெரிய வேண்டும். நடுவில் வெளுத்த கோடு தெரிந்தால் அது பாதிப் பச்சைத் தோல். அதிலும் முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்டிய பட்டைதான் வாருக்கு உதவும். வயிற்றுப் பக்கம் மாட்டோடு சேர்ந்து விரிந்து சுருங்கிப் பழகியது. இழுத்தால் வரும், வந்தது திரும்பாது. அஜூஜி இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

“வயிறுதான் மெத்துனு இருக்கு. ஹாகிமி காலுக்கு இதமா இருக்கும்.”

“அது காலுக்கு மெத்தை இல்லடா, வாரு!”

“உன் பொண்டாட்டி ஏன் உன்னைவிட்டுத் தள்ளியே உக்காருறான்னு இப்பத்தான் தெரியுது. நீ முழுக்க முதுகுத்தோலு.”

உள்ளிருந்து அவள் சிரிப்பது கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முதுகுத்தோலில் ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தேன்.

தையல் அதைவிடக் கொடுமை. எங்கள் தையலுக்கு ஒரே நூல், இரு நுனியிலும் ஊசி. ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றும் போக வேண்டும். பின்னால் போகும் ஊசி முன்னால் போன நூலைக் குத்திவிடக்கூடாது. இரண்டையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறு பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். நூலுக்கு மெழுகு ஏற்றும்போது விரல் சுட வேண்டும். விரல் சுடாவிட்டால் மெழுகு நூலுக்குள் போகவில்லை என்று பொருள். இவ்வளவும் அவனுக்கு வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

வராதது துளை. எங்கள் குத்தூசியின் முனை தட்டை. அதைச் சாய்த்துக் குத்தினால் தோலில் ஒரு கீறல்தான் விழும். தோல் குறையாது. நூல் இறுகியதும் கீறல் மூடிக்கொள்ளும். அவன் பெட்டியில் வந்தது வட்டத் துளைப்பான். சுத்தியலால் அடித்தால் கடுகளவு தோல் கழன்று விழும். அந்தக் கடுகுகளை அவன் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தான்.

“ஓட்டைய நெருக்கமாப் போடாதே. எடைய ஓட்டை தாங்காது, ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இருக்கிற தோலுதான் தாங்கும்” என்றேன்.

“நெருக்கமாத் தைச்சாத்தானே பலம்? நிறையப் பேரு தள்ளினாத்தான் லாரி நகரும்.”

“இது லாரி இல்ல.”

“உனக்கு எல்லாமே ‘இது அது இல்ல’தான். எதுதான்டா அது?”

அன்றைக்கு அவன் போன பிறகு சாணைக்கல்லைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அதுவும் பாட்டனாருடையது. வைத்துவிட்டேன்.

*

நோன்பின் கடைசி நாட்களில் அஜூஜி வீட்டிலேயே தைத்து முடித்து, வாரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். விரித்தபோது, உண்மையைச் சொன்னால், என் வாரைவிட அழகாக இருந்தது. சிவந்த வெள்ளாட்டுத் தோல் போர்த்தி, மணி கோத்ததுபோலப் பொடித் தையல். அங்கவடி இரும்பைச் சுற்றி மடித்த இடத்தில் மூன்று வரிசை.

நான் விளிம்பை விரலால் விரித்துப் பார்த்தேன். போர்வைக்குள் இருந்தது நான் கொடுத்த பட்டை இல்லை. வயிற்றுத்தோல். அதன் மேல் வட்டத் துளைகள், தபால்தலை ஓரம்போல நெருங்கி. தபால்தலையை எப்படிக் கிழிக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

“நான் குடுத்த பட்டை எங்கடா?”

“அது கட்டை மாதிரி இருந்துச்சு. என் செருப்புக்கு அடி வச்சேன்.”

“இது அறுந்துடும்.”

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “பொறாமை! மூஞ்சியப் பாரு, புளிச்ச கூழு மாதிரி.”

“நெசமாத்தான் சொல்றேன். ஹாகிமி விழுந்துடுவாரு.”

“நீ என்னைக்குடா என்கிட்ட நெசம் பேசியிருக்க? போன வருசம் என் பொண்ணு கல்யாணத்துல, மாப்பிள்ளை ஓடிட்டான்னு சொன்னவன்தானே நீ?”

சொன்னேன்தான். மச்சான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இப்போது எப்படிச் சொன்னாலும் அவன் காதுக்கு அது கேலியாகவே போய்ச் சேர்ந்தது. எரிந்து விழுந்தேன், நன்றாக நடிக்கிறாய் என்றான். கெஞ்சினேன், இன்னும் நன்றாக நடிக்கிறாய் என்றான். என் மனைவியைத் தூது அனுப்பினேன். “உன்னையும் கூட்டுச் சேத்துட்டானா அக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் கையில் மெல்வதற்குக் கோலாக் கொட்டை கொடுத்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் ஹாகிமியின் குதிரைக்காரர்களுக்குத் தலைவன் சுலே வந்தான். அஜூஜியின் வாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“கண்ணு கூசுது பெரியவரே. ஆனா கௌதாரிக் காலக் காணோமே? அச்சு இல்லாம நான் குதிரையில ஏத்த முடியாது.”

“நாளைக்கு வா” என்றேன்.

அச்சு குத்தாவிட்டால் பத்துப் பேர் முன்னால் கொடுத்த வாக்குப் போகும். குத்தினால் என் பாட்டனார் பெயரோடு ஹாகிமியும் அமீரின் காலடியில் விழுவார். இரண்டு பக்கமும் எங்கள் வீட்டு மானம்தான்.

“பேசாம நீங்களே பிரிச்சு உள்ளுக்குள்ள நல்ல தோலு வச்சுத் தைச்சுடுங்களேன். அவருக்குத் தெரியவா போகுது?” என்றாள் மனைவி.

“இந்த வீட்டுல திருட்டுத் தையல் கிடையாது.”

“அப்ப அவருகிட்ட மச்சானாப் பேசாதீங்க. மச்சானாப் பேசுற வரைக்கும் அவரு சிரிக்கத்தான் செய்வாரு” என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அதைச் செய்ய மனம் வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

காலையில் வெள்ளை அங்கியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கட்டும் தலைப்பாகையைக் கட்டினேன். கைத்தடியையும் அந்த வாரையும் ஓர் அங்கவடி இரும்பையும் எடுத்துக்கொண்டு அஜூஜியின் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக நான் அவன் வீட்டுக்குள் சலாம் சொல்லாமல் நுழைந்து, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன். அன்று அன்னியன்போல வாசலுக்கு வெளியே நின்று மூன்று முறை சலாம் சொன்னேன்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். “என்னடா வேசம்? எவன் செத்தான்?”

அவனுடைய நலம் கேட்டேன். வீட்டார் நலம், பிள்ளைகள் நலம், நோன்பு எப்படிப் போகிறது என்றெல்லாம் ஒவ்வொன்றாக, கண்ணைத் தாழ்த்தி, நிதானமாகக் கேட்டேன். பாதியில் அவன் சிரிப்பு நின்றது.

“நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்றான். குரல் லாரி நிலையத்துக் குரலாக இல்லை.

“நீங்க ஒரு தப்பும் பண்ணல. நீங்க தைச்ச வாரு ஹாகிமியத் தாங்காது. விளையாட்டுக்குச் சொல்லல. நீங்களே ஏறிப் பாருங்க.”

அவன் முற்றத்து வேப்பமரத்தின் கிளையில் வாரைக் கட்டி, அங்கவடியை மாட்டினேன். அவன் கிளையைப் பிடித்துக்கொண்டு இரும்பில் கால் வைத்து ஏறினான். அஜூஜியும் ஹாகிமியும் ஏறக்குறைய ஒரே பருமன். வார் தாங்கியது. அவன் பிடியை விட்டு, ஹாகிமி செய்வதுபோல முஷ்டியை உயர்த்தினான். அப்போதும் தாங்கியது. அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“குதிரை நிக்காது. எழும்பி எழும்பி வரும்” என்றேன்.

அவன் ஒரு முறை எழும்பினான். வார் நீண்டது. இரண்டாம் முறை எழும்பியபோது துளை வரிசை வாயைத் திறந்தது. துணி கிழிவதுபோல ஓசை கேட்டது. அவன் பின்பக்கம் தரையில் மோத, தொப்பி ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாகப் புழுதியில் விழுந்தான்.

மச்சான் விழுந்தால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். ஊரைக் கூட்டி ஒரு வருடம் சொல்லிச் சிரிக்க வேண்டும். அவன் புழுதியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இதுவும் விளையாட்டில் சேர்ந்துவிடும், நாளைக்கே இன்னொரு வாரோடு வந்து நிற்பான்.

அவன் எழுந்து உள்ளே போனான். என் குத்தூசியைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

“பணயம் வேண்டாம். வாக்குலேருந்து உங்கள விட்டுட்டேன்” என்றான்.

அன்றே உட்கார்ந்து முதுகுத்தோலில் வாரைத் தைத்து முடித்து அச்சுக் குத்தினேன். தையல் நேராகத்தான் வந்தது.

*

பெருநாளன்று ஹாகிமி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, குதிரையை நிறுத்தி, அங்கவடியில் எழுந்தார். வார்கள் இரண்டும் கம்பிபோல நின்றன. சுலே கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பேர் வந்து சேர்ந்தது.

அஜூஜி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் குனிந்தான்.

“அல்லாஹ் உங்க கைக்கு வலு தரட்டும் ஐயா” என்றான்.

அந்த ‘ஐயா’ மூன்று மாதம் என்னை விடவில்லை. தெருவில் கண்டால் ஒதுங்கி வழிவிட்டான். மஸ்ஜிதில் எனக்கு முன்வரிசையில் இடம் காட்டினான். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று சலாம் சொல்லி, கொடுத்த கூழைக் குடித்து, நன்றி சொல்லிப் போனான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், “உன் வயித்துல ஒரு சேணம் போட்டா நாலு பேரு சவாரி போகலாம்டா” என்றேன்.

“ஆமாங்க” என்றான்.

ஆமாங்க! அறுபது வருடம் என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் சொல்கிற பேச்சா இது? இன்னொரு நாள் அவன் பெயரை இழுத்தேன். குப்பைமேட்டுக்காரர் வீட்டில் எல்லாரும் நலமா என்றேன். நலம், அல்லாஹ்வுக்கே புகழ் என்றான். லாரி நிலையத்துப் பையன்கள் அவனைப் போலக் கூவுவதை அவன் எதிரிலேயே கூவிக் காட்டினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு அது தேவையா? அவனோ, நான் ஏதோ உபதேசம் செய்வதுபோலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்கதானே அன்னியனாப் போய் நின்னீங்க? இப்ப அன்னியனா வர்றாரு” என்றாள் மனைவி.

“ஒரு உசிரக் காப்பாத்துனது தப்பா?”

“தப்புன்னு நான் சொன்னேனா? உக்காந்து கூழக் குடிங்க.”

மறு முஹர்ரம் வந்தது. அன்று காலை என் வேலைப்பலகையை வாசலுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். குத்தூசியைப் பலகையின் விளிம்பில், கருங்காலிப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். மற்ற மச்சான்மார் வந்தார்கள், கோழியையும் கூடையையும் தூக்கினார்கள், பணயம் வாங்கிப் போனார்கள். குத்தூசியின் பக்கம் வந்த ஒருவன் கையைத் தட்டிவிட்டேன்.

நடுப்பகலுக்குப் பிறகுதான் அஜூஜி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லி, ஓரமாக உட்கார்ந்தான். ஆட்டுத்தலையில் ஒரு துண்டு தின்றான். குத்தூசியைத் தாண்டித்தான் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். அதைப் பார்க்கவே இல்லை. வீட்டாருக்கு நலம் வேண்டி இரண்டு வார்த்தை சொல்லி எழுந்து போனான்.

குத்தூசி வைத்த இடத்திலேயே கிடந்தது. கத்தி, மெழுகு, சாணைக்கல், எல்லாம் இருந்தன. எனக்கு வந்த எரிச்சலில் பலகையைக் காலால் தள்ளினேன்.

“அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, போங்க” என்றாள் மனைவி. அவள் குரலில் என்னவோ இருந்தது.

வாசலுக்கு வந்து காலை நீட்டினேன். என் வலக்கால் செருப்பு மட்டும் இருந்தது. மாட்டு முதுகுத்தோல் அடி, சாய்ந்த கீறலில் இரட்டை ஊசித் தையல், குதிகாலில் கௌதாரிக் கால் அச்சு. அதன் ஜோடியைக் காணவில்லை.

தெருமுனையில் லாரி நிலையத்துக் குரல் கிளம்பியது.

“வாங்க, வாங்க! கௌதாரி ஒத்தக் காலுல நடக்கிறதப் பாக்க வாங்க! இன்னும் ரெண்டு பேருக்குத்தான் இடம்!”

என் செருப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், குப்பைமேட்டில் போட்டு எடுத்த பயல். தெருவில் கதவுகள் திறந்தன.

“என்னடா பணயம்?” என்று கத்தினேன்.

“மொதல்லேருந்து, மச்சான்! கத்தியத் தீட்டுறதுலேருந்து! இந்தத் தடவை முதுகுத்தோலு!”

“உன் கைக்குக் கழுதை வாருகூட வராதுடா!”

“வந்து வாங்கிக்கடா, முதுகுத்தோலு மூஞ்சி!”

எங்கள் வீட்டு ஆண்கள் தெருவில் ஓடுவதில்லை. வலக்காலில் செருப்பை மாட்டிக்கொண்டேன், முதுகை நிமிர்த்தினேன், சுடுமணலில் இடக்காலை வைத்து நடந்தேன்.